தாளில் ஓடிய ரயில்



இளமையில் படித்த நூல்களைப் பற்றிப் பேச்சு எழும்பொழுது பெரியவர்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நூலாசிரியரின் பெயர் மறந்திருக்கும். கதையின் முடிவுகூட மறந்திருக்கும். ஆனால் அட்டையில் இருந்த படமும், தாளின் மணமும், ஏதோ ஒரு பக்கத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறையும் மறப்பதில்லை. இத்தகைய நூல்களுள் ரயிலைப் பற்றிய நூல்களுக்குத் தனியிடம் உண்டு. பெரிய வண்டியைச் சிறிதாகச் செய்து வீட்டுக்குள் ஓட்டி மகிழ்வதையும், அவ்வாறு செய்த வண்டிகளைச் சேர்த்து வைப்பதையும் கற்பித்த நூல்களைச் சிறு வயதில் படித்தவர்கள், நரை தோன்றிய பின்னும் அவற்றைத் தேடி அலைகிறார்கள். அந்த ஏக்கத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மும்பையின் கிழக்குக் கரையில், டிராம்பேயை அடுத்துள்ள சீத்தா கேம்ப்பில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு அந்த ஏக்கத்தால் என்ன பயன் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்போம்.

பொம்மை ரயிலைச் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் பிறந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்லின் என்ற பொம்மை நிறுவனம் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகரத்துச் சந்தையில் ஒரு புதுமையைக் காட்டியது. சாவி கொடுத்தால் ஓடும் வண்டி ஒன்றும், அது ஓடுவதற்கு எட்டு என்னும் எண்ணின் வடிவத்தில் அமைந்த பாதை ஒன்றும் அங்கே இருந்தன. இவ்வாண்டு ஒரு வண்டியை வாங்கியவர் அடுத்த ஆண்டு அதே அளவில் இன்னும் இரண்டு பெட்டிகளையும் சிறிது தண்டவாளத்தையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அளவு ஒன்றாக இருந்தமையால்தான் சேர்த்தல் என்பதே கைகூடியது.

பின்னர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு சிறுவர்களே பொறிகளை அமைக்கத்தக்க விளையாட்டுக் கருவி ஒன்றுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். 1907-இல் அதற்கு மெக்கானோ என்னும் பெயர் வந்தது. 1916-இல் மெக்கானோ இதழ் தொடங்கியது. ஹார்ன்பி ரயில்கள் விற்பனைக்கு வந்ததோ 1920-இல்தான். இந்த வரிசையை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது இதழ். அதன் பின்னே வந்தது வண்டி. படிக்கும் பழக்கம் ஏற்பட்ட சிறுவர்களின் கையில்தான் அந்தப் பொம்மை போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்பொழுது பொம்மை செய்ய உலோகம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில், 1942-ஆம் ஆண்டு, ரயில்வே அலுவலகத்தில் பணி செய்த இயன் ஆலன் என்ற இளைஞர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் கதை இல்லை, வருணனை இல்லை. எஞ்சின்களின் எண்களே வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. நிலையத்தில் நின்று, கண்ணால் கண்ட எஞ்சினின் எண்ணுக்கு நேரே ஒரு கோடு போடுவதுதான் படிப்பவரின் வேலை. ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அந்த வேலையை மேற்கொண்டார்கள். 1945-இல் ஆட்ரி என்னும் பாதிரியார், நோயுற்றிருந்த தம் மகனுக்குச் சொன்ன எஞ்சின் கதைகளை நூலாக்கினார். இன்று உலகெங்கும் குழந்தைகள் அறிந்துள்ள தாமஸ் என்ற எஞ்சின் அந்த வரிசையிலிருந்து பிறந்ததுதான்.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கையில் ஒரு பொம்மைகூட இல்லாத சிறுவனும் ரயில்களைச் சேர்க்க முடியும். நூலும் பென்சிலும் இருந்தால் போதும். தகரத்தில் செய்த வண்டி ஒருவனிடம் இருந்தால் மற்றவனிடம் இராது. தாளில் ஓடும் வண்டியோ படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் சொந்தம்.

இந்த ஆங்கில நூல்கள் மும்பைக்கும் வந்தன. வசதி படைத்தோர் வீட்டுக் குழந்தைகள் படித்துத் தீர்த்த பிறகு அவை பழைய புத்தகக் கடைக்கு வந்துசேரும். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை அடுத்த நடைபாதையில் புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். மாதுங்காத் தமிழர்களுக்கு அந்த இடத்தை நான் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. பழம்பொருள்களுக்குப் பெயர்போன சோர் பஜாரில் சாவி கழன்ற பொம்மை எஞ்சின் ஒன்று கண்ணில் பட்டால், இன்றும் கால் நின்றுவிடுகிறது அல்லவா? பெரியவர்கள் அந்தத் துருப்பிடித்த எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். விலை கேட்பதற்கு முன்பே அவர்கள் மனம் ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும்.

இனி, அந்த நூல்கள் கற்பித்த கணக்கைச் சிறிது பார்ப்போம். பொம்மை ரயில்களுக்குப் பல அளவுகள் உண்டு. அவற்றுள் மிகவும் பரவியது, உண்மை வண்டியில் 87-இல் ஒரு பங்கு என்னும் அளவு. நம் நாட்டில் பல்லாண்டுகள் ஓடிய பெரம்பூர்ப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1955-இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான அந்தப் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர் 30 சென்டிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 24½ சென்டிமீட்டர் வரும். அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல். இருபது பெட்டிகள் கோத்த வண்டி 16 அடி நீளம் பிடிக்கும். பத்தடிக்குப் பதினைந்தடி அளவுள்ள அறையில் அம்மையும் அப்பனும் மூன்று குழந்தைகளும் வாழும் வீட்டில் அந்த வண்டியை எங்கே நிறுத்துவது? எஞ்சினுக்கு இடம் தேடுவதற்கு முன்பே சுவர் வந்துவிடும்.

இடம் மட்டுமன்று, பொருளும் வேண்டும். வெளிநாட்டுப் பொம்மைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளில், ஆலையிலும் தோல் பட்டறையிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர் எவரும் தம் பிள்ளைக்கு மின்சார ரயில் வாங்கித் தந்திருக்க இயலாது. ஆகவே நம்மவர் பிள்ளைகள் வேறொரு வழியைக் கண்டார்கள். காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்தார்கள். சிவகாசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளின் மேலே ஒட்டிய மயிலும் புலியும் தாமரையும், அந்த வண்டியின் பெட்டிகளுக்கு அழகு செய்தன.

அந்தத் தீப்பெட்டி ரயிலை ஏளனமாக எண்ண வேண்டாம். ஒரு தீப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்; அகலம் 3½ சென்டிமீட்டர். ஐந்து பெட்டிகளை நீளவாட்டில் ஒட்டினால் 25 சென்டிமீட்டர் ஆகிறது. பெரம்பூர்ப் பெட்டியின் அகலம் 3¼ மீட்டர். 87-ஆல் வகுத்தால் 3¾ சென்டிமீட்டருக்கு அருகில் வருகிறது. மூன்று அடுக்காக அடுக்கினால் உயரமும் ஏறத்தாழச் சரியாகிவிடும். ஆகப் பதினைந்து காலித் தீப்பெட்டிகள், மார்க்லினும் ஹார்ன்பியும் இல்லாமலே, அளவு தவறாத ஒரு ரயில் பெட்டியைத் தந்துவிடுகின்றன. இந்தக் கணக்கைக் குழந்தைக்குக் காட்டுவதற்கு ஒரு நூல் வேண்டும். அல்லது நூலைப் படித்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். விளையாட்டைக் கல்வியாக உயர்த்துவது அந்த ஒன்றுதான்.

தமிழில் குழந்தைகளுக்கு நூல்கள் குறைவு என்று சொல்லக் கேட்கிறோம். அவ்வாறு சொல்வோர் நம் முன்னோர் செய்துவைத்த பணியை மறந்துவிடுகிறார்கள். 1947-இல் அம்புலிமாமா தோன்றியது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கிப் பணியினிடையே குழந்தைகளுக்காகவே தம் எழுத்தையெல்லாம் அளித்தார். கலைமகள் நிறுவனத்தின் கண்ணன் இதழை ஆர்.வி. அவர்கள் நடத்தினார்கள். வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் கதைகளோடு அறிவியல் செய்திகளையும் இனிய தமிழில் தந்தார்கள். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில், பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வெளிவந்தது. தமிழுக்கு வாய்த்த பெருமுயற்சி இது.

ரயிலுக்கென்றே எழுதப்பட்ட நூல்களும் வந்தன. 1957-இல் நிறுவப்பட்ட தேசிய புத்தக நிறுவனம், நேரு குழந்தைகள் நூல்வரிசை ஒன்றைத் தொடங்கியது. நாட்டின் எல்லாக் குழந்தைகளும் ஒரே நூலைத் தத்தம் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த வரிசையில் நம் ரயில்வேயின் கதையை எழுதியவர் ஜகஜித் சிங். அவர் ரயில்வேயிலேயே உயர்ந்த பதவி வகித்தவர். அறிவியலை எளிமையாக எழுதியமைக்காக 1963-இல் கலிங்கா பரிசு பெற்றவர். ரயிலை ஓட்டுவிக்கும் துறையில் இருந்த ஒருவரே குழந்தைகளுக்காகப் பேனாவை எடுத்தார் என்பது நினைக்கத்தக்கது.

இத்தகைய நூல்கள் குழந்தைக்கு என்ன தந்தன? முதலாவதாகச் சொற்களைத் தந்தன. கைகாட்டி, தண்டவாளம், குறுக்குக் கட்டை, கொதிகலன், ஊதல், கிளைப்பாதை என்று ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தன. மும்பையில் பிறந்து வளரும் நம் குழந்தை ரயில் பெட்டியை 'டப்பா' என்கிறது. தண்டவாளத்தைப் 'பட்ரி' என்கிறது. ரயில்வே கேட்டைப் 'ஃபாட்டக்' என்கிறது. அதில் குற்றம் ஏதுமில்லை. வாழும் ஊரின் மொழியைக் கற்பது அறிவுடைமையே. ஆயினும், தாத்தா ஊரிலிருந்து பேசும்பொழுது 'கைகாட்டி விழுந்தாச்சு, வண்டி வரப்போகுது' என்று சொன்னால், அது என்ன என்று பேரன் விழிக்கும் நிலை வந்துவிடலாகாது. சொல் ஒன்று மறைந்தால் அந்தச் சொல்லைச் சொன்ன தாத்தாவின் உலகமும் சிறிது மறைந்துவிடுகிறது.

இரண்டாவதாக, அந்த நூல்கள் வழியைக் காட்டின. பிற குழந்தைகளுக்கு ரயில் ஒரு வேடிக்கைப் பொருள். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குழந்தைக்கோ அது ஊருக்குச் செல்லும் வழி. தென்னாட்டில் முதல் பயணி ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. மும்பையிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் ஒன்றுகூடின. அந்தக் கூடலுக்குப் பிறகுதான் தமிழர் மும்பைக்கு வருவது எளிதாயிற்று.

எளிது என்று சொன்னாலும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். பல்லாண்டுகள் தென்மாவட்டங்களில் ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. அதன் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர். எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரல் நிலையத்துக்குப் போய், அங்கே 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பாதையில் நிற்கும் பம்பாய் வண்டியில் ஏற வேண்டும். 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தின் பயனாக மீட்டர் கேஜ் படிப்படியாக மறைந்தது. இந்த வரலாற்றையும் குழந்தைக்குத் தரையிலேயே காட்டலாம். சுண்ணாம்புக்கட்டியால் 19 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இழுத்தால் அது பம்பாய்ப் பாதை. 11½ மில்லிமீட்டர் இடைவெளியில் இழுத்தால் அது தாத்தா ஏறி வந்த பாதை. இரண்டுக்கும் நடுவே பாட்டி மூட்டையைத் தலையில் சுமந்து நடந்தாள் என்று சொன்னால், குழந்தை அதை ஒருநாளும் மறவாது.

இப்பொழுது சீத்தா கேம்ப்புக்கு வருவோம். இந்தக் குடியிருப்பின் வரலாறு வயதில் மூத்த நேயர்கள் பலருக்குத் தெரியும். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்து ஜனதா காலனி என்ற குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ 70,000 மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களுள் தமிழர் பலர். அந்தக் குடியிருப்பைக் காப்பதற்காக ஜோக்கின் அற்புதம் அவர்கள் பல ஆண்டுகள் போராடினார். கோலார் தங்கவயலில் பிறந்து 1963-இல் பம்பாய்க்கு வந்த அவர், குடிசைவாழ் மக்களின் தலைவராகப் பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்று, 2018-இல் மறைந்தார். போராட்டம் நடந்தும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனதா காலனி அகற்றப்பட்டது. மக்கள் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதுவே இன்றைய சீத்தா கேம்ப்.

ஒரு வீட்டை ஒரே நாளில் காலி செய்ய நேர்ந்தால் எது முதலில் வண்டியில் ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். அரிசிப் பானை ஏறும், பாத்திரங்கள் ஏறும், பாயும் தலையணையும் ஏறும், கூரைத் தகரமும் மூங்கிலும் ஏறும். குழந்தையின் பழைய புத்தகம் ஏறுமா? ஏறினாலும் அடுத்த மழைக்காலத்தில் சதுப்பு நிலத்து ஈரத்திலிருந்து அது தப்புமா? ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் ஒருமுறை, குடியிருப்பைவிட்டுப் புறப்பட்ட நாளில் மற்றொருமுறை என்று நம்மவர் பலர் தம் இளமைக்கால நூல்களை இருமுறை இழந்தவர்கள். மாடி வீட்டில் வாழ்வோர் தம் பழைய நூல்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் போற்றலாம். இவர்களுக்கு மனமே அலமாரி.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதி வெளிவந்த ஆண்டும் 1976 என்பதை நினைக்கும்பொழுது நெஞ்சம் கனக்கிறது. தமிழ்க் குழந்தைகளுக்கென்று உலகத்து அறிவையெல்லாம் அகரவரிசையில் திரட்டி முடித்த அதே ஆண்டில், தமிழ்க் குழந்தைகள் பலர் கையிலிருந்த இரண்டொரு நூலையும் இழந்து சேற்றில் வந்து நின்றார்கள். நூல் ஓரிடத்தில் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய குழந்தை வேறோரிடத்தில் இருந்தது. இடையிலே உள்ள தூரத்தைக் கடப்பதற்கு ரயில் இருந்தது; ஏற்றி அனுப்புவார்தாம் இல்லை.

ஆதலால், இளமையில் படித்த ரயில் நூல்களுக்காக ஏங்குகின்ற அன்பர்களுக்கு நான் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். ஏக்கம் இரண்டு வழியில் செல்லக்கூடியது. ஒன்று, பழைய நூலைப் பெருவிலை கொடுத்து வாங்கி, பிறர் கை படாமல் பூட்டி வைப்பது. மற்றொன்று, நமக்கு அந்த நூல் செய்த நன்மையை இன்னொரு குழந்தைக்குச் செய்வது. முதல் வழி நம்மோடு முடிந்துவிடும். இரண்டாவது வழி தொடர்ந்து ஓடும்.

சீத்தா கேம்ப்புக் குழந்தைக்காக ஒரு ரயில் நூலை யாரேனும் தமிழில் எழுத முன்வந்தால் பொருளுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவின் முதல் பயணி ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. 14 பெட்டிகளை மூன்று எஞ்சின்கள் இழுத்தன; சுமார் 400 விருந்தினர் அதில் சென்றார்கள். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் ஓடியது. எந்தப் பாதையில் தெரியுமா? விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரையுள்ள துறைமுகப் பாதையில்தான். மான்குர்டில் வண்டியேறி நகரத்துக்கு வேலைக்குப் போகும் ஒவ்வொரு சீத்தா கேம்ப்புத் தமிழரும் அந்த வரலாற்றுப் பாதையின்மீதே அன்றாடம் பயணம் செய்கிறார்.

இன்னும் அருகில் வருவோம். குர்லாவிலிருந்து செம்பூர் வரை 1906-இல் ஒரு பாதை போடப்பட்டது. அது மனிதர் செல்வதற்காகப் போட்டதன்று. நகரத்துக் குப்பையைக் கொண்டு செல்வதற்காகப் போட்டது. 1924-இல்தான் அதில் பயணிகள் ஏறினார்கள். 1928-இல் டிராம்பேயிலிருந்து குர்லா வழியாக அந்தேரிக்கு 13 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1934-இல், அது மூடப்பட்டது. இன்று அந்தப் பாதையைக் காண முடியாது. மான்குர்டிலிருந்து கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கு 1992-இல் ரயில் சென்றது. மாதுங்காவில் 1915 முதல் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. குப்பை வண்டியில் தொடங்கிப் பாலத்தைக் கடந்த வண்டி வரை, தன் வாசலிலேயே இத்தனை கதை இருப்பதைக் குழந்தை அறியுமானால், தான் வாழும் இடத்தை நகரத்தின் ஓரம் என்று எண்ணி அது கூசாது. ஒரு நூல் செய்யக்கூடிய நன்மைகளுள் இதைவிடச் சிறந்தது வேறு உண்டா?

இக்காலத்துக் குழந்தைகள் கைப்பேசியில் ரயில் ஓடும் படங்களையே பார்த்துவிடுகிறார்களே, நூல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓடும் படம் குழந்தைக்காக நிற்பதில்லை, நூல் நிற்கிறது. சக்கரங்களை இணைக்கும் கம்பி எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று ஐயம் தோன்றினால், படிக்கும் குழந்தை விரலை வைத்துக்கொண்டு அதே படத்தைப் பத்து நிமிடம் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அறிவு முளைக்கிறது. கைப்பேசியை முற்றும் விலக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்று எவரும் படிக்கலாம். 1976-இல் எட்டாமல் போன நூல், இப்பொழுது உள்ளங்கையிலேயே வந்து நிற்கிறது. அதைத் திறந்து காட்டுவதற்குப் பெரியவர் ஒருவர்தாம் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஊருக்குப் போய்த் திரும்பும்பொழுது முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு வருகிறோம். அந்தப் பையில் ஒரு தமிழ்ச் சிறுவர் நூலுக்கும் இடம் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஓர் அரைமணி நேரம் தெருவிலுள்ள குழந்தைகளைக் கூட்டி அதை உரக்கப் படித்துக் காட்டலாம். பாட்டியிடம் பழைய அட்டைச் சீட்டு ஏதேனும் இருந்தால் அதை எடுத்துக் காட்டச் சொல்லி, அவள் வந்த பயணத்தைக் குழந்தைகளையே எழுதச் செய்யலாம். வசதி நேர்ந்தால் புணே நகரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஜோஷி என்னும் அன்பர் தம் வாழ்நாள் முயற்சியால் அமைத்த சிறு ரயில் காட்சிச்சாலை 1998 முதல் நடந்துவருகிறது. சென்னைக்குச் சென்றால் பெரம்பூரிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தைக் காட்டுங்கள். நூலில் கண்ட எஞ்சினை நேரில் காணும்பொழுது, 'தாத்தா, இதுதானே அந்தப் படத்தில் இருந்தது!' என்று குழந்தை கூவுமே, அந்தக் குரலைக் கேட்பதற்காகவாவது செல்லுங்கள்.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவற்றில் பயிலும் குழந்தைகளும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ பயின்று வீட்டில் மட்டும் தமிழ் பேசும் குழந்தைகளும், ஒரு மொழியை இழக்காமல் இன்னொரு மொழியைப் பெற வேண்டும். பாடநூல் மட்டும் படித்த மொழி தேர்வோடு நின்றுவிடும். விருப்பத்தோடு படித்த மொழியே வாழ்நாள் முழுவதும் உடன்வரும். விருப்பத்தை உண்டாக்குவதற்கு ரயிலைப் போன்ற பொருள் வேறில்லை. ஏனெனில் இந்நகரத்தில் அதைக் காணாத குழந்தையும் இல்லை. கண்டு மகிழாத குழந்தையும் இல்லை.

பொம்மை வண்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். எத்தனை பெட்டிகள் கோத்திருந்தாலும், கடைசிப் பெட்டியின் பின்புறத்துக் கொக்கி அடுத்த பெட்டிக்காக வெறுமையாகவே இருக்கும். நமக்கு முன்னே வாழ்ந்த நல்லோர், தமிழ்க் குழந்தைகளுக்கென்று கட்டிய வண்டியிலும் அந்தக் கொக்கி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. இந்த வாரத்திலேயே ஒரு நூலை வாங்கி ஒரு குழந்தைக்குக் கொடுத்து, அடுத்த பெட்டியை நாம் கோத்துவிடுவோமாக.